ஆயுத பூஜை சேலும் அம்மாவின் வளையலும்

2025 செப்டம்பர் 4, வியாழக்கிழமை. இரவு ஏழரை மணிக்கு, மதுரை புதூரில் ஒரு மாடி அறையில், 33 வயது ஆள் ஒருவன் கையில் டெபிட் கார்டோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். முதல் நாள் முதல் ஷோ டிக்கெட் எடுக்க என்று நினைத்தால் தப்பு. ‘ஹாலோ நைட்: சில்க்ஸாங்’ என்ற வீடியோ கேம் அந்த நிமிடம்தான் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வெளியாகிறது. 2019 பிப்ரவரியில் அறிவித்த கேம். ஆறரை வருடக் காத்திருப்பு. அதற்குள் அவன் இரண்டு கம்பெனி மாறிவிட்டான். தங்கைக்குக் கல்யாணமாகி, அவள் மகள் எல்.கே.ஜி-யும் சேர்ந்துவிட்டாள்.

ஏழரைக்கு ‘வாங்கு’ பட்டனைத் தட்டினான். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவனுக்கு மட்டும் இல்லை. ஸ்டீம், நிண்டெண்டோ, பிளேஸ்டேஷன் என்று கேம் விற்கும் பெரிய ஆன்லைன் கடைகளெல்லாம் அன்றைக்குக் கூட்டம் தாங்காமல் சில மணி நேரம் தள்ளாடின. அவன் விடவில்லை. மூன்று தடவை கார்டு நம்பர் போட்டு, ஓ.டி.பி. போட்டான். மூன்று தடவையும் பணம் போனது, கேம் வரவில்லை. நான்காவது தடவை வந்தது. முதலில் போன மூன்று தொகையும் ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகக் கணக்குக்குத் திரும்பிவிட்டன. அவனைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

கீழே செய்தி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைப் பொறுத்தவரை, அங்கேதான் ஆரம்பித்தது.

அது அவன் காலேஜ் சேர்ந்தபோது அப்பாவோடு கூட்டாகத் திறந்த கணக்கு. சம்பளம் இப்போதும் அதில்தான் வருகிறது. ஓ.டி.பி. அவன் போனுக்கு வரும். பணம் எடுத்த எஸ்.எம்.எஸ். இரண்டு பேருக்கும் வரும். சார் பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் அப்பா. எழுத்தில் இருக்கும் எதையும் படிக்காமல் விடமாட்டார். அன்று இரவு அரை மணி நேரத்தில் அவர் போன் நாலு தடவை ‘டிங்’ என்றது. நாலும் ஒரே தொகை. வாய்க்குள் நுழையாத ஒரு வெளிநாட்டுப் பெயர்.

அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

உட்காரவும் காசு

காத்திருந்து வாங்கிய கேம் எப்படி இருந்தது? அழகு. அதில் சந்தேகமே இல்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் ‘டீம் செர்ரி’ என்ற குட்டி டீம், விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு செய்தது. சிவப்பு அங்கியும் கையில் ஊசியுமாக ஒரு பூச்சிப்பெண். பெயர் ஹார்னெட். பார்லூம் என்ற பூச்சிகளின் ராஜ்ஜியத்தில் அடிவாரத்திலிருந்து உச்சிவரை அவளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு திரையும் கையால் வரைந்தது. பாசி படர்ந்த குகைகளில் அவள் ஓடும்போது வரும் இசைக்காகவே அவன் ஹெட்போனைக் கழற்றவில்லை.

ஆனால், கஷ்டம். 2017-ல் வந்த முதல் பாகமே கஷ்டம்தான். இது அதன் மேல் இன்னொரு படி. ஒரு அடி பட்டால் இரண்டு உயிர் போகும் எதிரிகள் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறார்கள். செத்தால் சேர்த்து வைத்த ஜெபமாலை மணிகள் செத்த இடத்திலேயே விழும். அங்கே திரும்பிப் போவதற்குள் மறுபடி செத்தால் மொத்தமும் போச்சு. களைத்துப்போய் உட்காரலாம் என்று பெஞ்சைத் தேடினால், சில பெஞ்சுகளில் உட்காரவே மணி கொடுக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பறை பார்த்திருக்கிறோம். கட்டண பெஞ்சை அங்கேதான் பார்த்தான்.

வெளிவந்த கொஞ்ச நாளிலேயே, டெவலப்பர்களே ஆரம்பகால பாஸ்களில் இரண்டு பேரின் கடினத்தைச் சற்றுக் குறைத்தார்கள். அவனுக்கு அது உதவவில்லை. ‘லாஸ்ட் ஜட்ஜ்’ என்ற பாஸிடம் மாட்டிக்கொண்டான். தோற்பது கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு தடவை தோற்ற பிறகும் பெஞ்சிலிருந்து அந்த பாஸ் நிற்கும் இடம் வரை தாவித் தாவி மறுபடி போக வேண்டும். அதில்தான் பாதி உயிர் போகிறது. பத்தொன்பது வயதில் இதையே ராத்திரி முழுக்க விளையாடியிருப்பான். இப்போது காலை ஒன்பதரைக்கு மீட்டிங். நாற்பத்தியோராவது தோல்வியில் கண்ட்ரோலரைக் கீழே வைத்தான். ஆறரை வருடம் காத்திருந்த கேமை மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டான். இதை அவன் நண்பர்கள் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. கேட்டால், “போயிட்டு இருக்கு மச்சி” என்கிறான்.

சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

நிறுத்திய கையோடு அடுத்தது வந்தது. ஸ்டீம் என்பது கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஆன்லைன் கடை. அதில் வருடத்துக்குச் சில தடவை பெரிய தள்ளுபடி விற்பனை நடக்கும். ஆடித் தள்ளுபடி மாதிரிதான். ஆனால், கூட்ட நெரிசல் இல்லை, கட்டைப்பை இல்லை. 2025-ன் இலையுதிர்கால சேல் செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 6 வரை. நடுவில் ஆயுத பூஜை. அம்மா வழக்கம்போல அரிவாள்மனை, தையல் மெஷின், அப்பாவின் ஸ்கூட்டர், அவனுடைய கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தன, குங்குமப் பொட்டு வைத்துவிட்டார். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. தொடவில்லை. கட்டிலில் படுத்தபடி போனிலேயே ஆறு கேம் வாங்கினான்.

அப்பா போன்: டிங்.

ஏன் வாங்கினான் என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. 2001 வாக்கில் பக்கத்து வீட்டில் டி.வி-யில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் இருந்தது. மஞ்சள் கேசட்டின் மேல் ‘99999 இன் 1’ என்று போட்டிருக்கும்; உள்ளே இருப்பது பத்துப் பன்னிரண்டு கேம்தான், அதுவே திரும்பத் திரும்ப வரும். மாரியோ, கான்ட்ரா, வாத்து சுடுவது. அந்தப் பையன் விளையாட, இவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். பையன் சாப்பிடப் போகும்போது மட்டும் பத்து நிமிடம் கைக்கு வரும். வீட்டில் கேட்டால் ஒரே பதில்: “டி.வி. பிக்சர் டியூப் போயிரும்.” பிறகு பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபாய். டியூஷன் ஃபீஸில் மிச்சம் பிடித்து கவுன்ட்டர் ஸ்ட்ரைக். சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் அவன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, 2016-ல் ஸ்டீம் அக்கவுன்ட் திறந்தது. அன்றிலிருந்து ஒரு சேலைக்கூட விட்டதில்லை.

வாங்குவதும் விளையாடுவதும் வேறு வேறு பழக்கம் என்பது கேமர்கள் எல்லோருக்கும் தெரியும். புத்தகக் கண்காட்சியில் பை நிறைய வாங்குகிறவர்களுக்கும் தெரியும். ஸ்டீமில் வாங்கிய கேம் பிடிக்கவில்லையென்றால் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம். அவன் ஒரு தடவைகூடத் திருப்பியதில்லை. அந்தப் பதினான்கு நாளில் திறந்து பார்த்தால்தானே.

அந்த ஆறில் அவன் உடனே திறந்தது ஒன்றுதான். பலாட்ரோ.

சீட்டு

பலாட்ரோ 2024 பிப்ரவரியில் வந்தது. கனடாவில், லோக்கல்தங்க் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருக்கும் ஒருவர் தனியாளாகச் செய்தது. அடுத்த ஜனவரிக்குள் ஐம்பது லட்சம் பிரதிகள் விற்றது. திரையில் சீட்டுக்கட்டு. போக்கர் ஆட்டத்தில் வருகிற ஜோடி, ஒரே இனத்தில் ஐந்து, வரிசையாக ஐந்து ஆகியவற்றைச் சேர்த்து இறக்கினால் பாயின்ட். ஜோடிக்கு 10 சிப், அதை 2-ஆல் பெருக்க வேண்டும். இதை மட்டும் வைத்து ஆடினால் மூன்றாவது சுற்றைத் தாண்ட முடியாது. ஜோக்கர்கள் இருக்கிறார்கள், மொத்தம் 150 பேர். ஒருவன் பெருக்கலைக் கூட்டுவான், ஒருவன் சிப்பைக் கூட்டுவான், இன்னொருவன் பக்கத்தில் நிற்பவனைக் காப்பியடிப்பான். சரியான ஐந்து பேரைச் சேர்த்துவிட்டால் நூறு, இருநூறு என்று ஏறிய ஸ்கோர் லட்சத்துக்குத் தாவும். எண்களின் மேல் தீப்பிடிக்கும். அந்தத் தீயைப் பார்க்கத்தான் எல்லோரும் ‘இன்னும் ஒரே ஒரு ஆட்டம்’ என்று உட்கார்கிறார்கள். மணி ஒன்பது என்று ஆரம்பிப்பான். நிமிர்ந்தால் ஒன்றே கால்.

இதில் நிஜப் பணம் கிடையாது. ஒரு தடவை விலை கொடுத்து வாங்கினால் முடிந்தது. உள்ளே ஜோக்கர் வாங்கவும் சீட்டு வாங்கவும் கேமுக்குள் சம்பாதிக்கும் பொய்ப் பணம்தான். ஆனால், அந்தப் பொய்ப் பணத்தைத் திரையில் டாலர் குறி போட்டுக் காட்டுகிறார்கள்.

அக்டோபர் இரண்டாவது வாரம், இரவு ஒரு மணி. அம்மா மொட்டை மாடிக் கதவைப் பூட்டியாச்சா என்று பார்க்க மேலே வந்தார். அறைக் கதவு திறந்திருந்தது. மகன் காதில் ஹெட்போன். திரையில் பச்சைத் துணி விரித்தது போன்ற பின்னணியில் எட்டுச் சீட்டு. இடது பக்கம் டாலர். “வா, வா, வா... ஒரு ஹார்ட்டின் வந்துரு” என்று அவன் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான்.

அம்மா வந்ததோ போனதோ அவனுக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் ஒரு வீட்டில், நள்ளிரவில், தனியாக, திரையில் சீட்டு. இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு, கடன் வாங்கி, அதையும் விட்டு, உயிரையும் விட்டவர்களைப் பற்றிய செய்திகளை அம்மா வருடக்கணக்கில் படித்து வந்திருக்கிறார். அதைத் தடுக்க மாநில அரசின் சட்டம் 2023 ஏப்ரலில் வந்தது. அதே வருடம் நவம்பரில், ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை செல்லாது என்றது உயர் நீதிமன்றம். பிறகு 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அத்தனைக்கும் நாடாளுமன்றமே தடை போட்டது. செய்தியில் வந்தது அது. அம்மாவுக்குச் சொந்தத்தில் வந்தது வேறு. அவருடைய மூத்த அண்ணன் ஒரு திருவிழா ராத்திரியில் மூணு சீட்டில் தோப்பைத் தோற்றவர். அந்தத் தோப்பு வழியாகப் போகும் பஸ்ஸில் அம்மா இன்றைக்கும் ஜன்னல் பக்கம் உட்காரமாட்டார்.

நாலு எஸ்.எம்.எஸ். பார்த்த அப்பாவும், எட்டுச் சீட்டு பார்த்த அம்மாவும் அன்று இரவு கீழே என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் அந்த ஆட்டத்தில் ஜெயித்துவிட்டுச் சந்தோஷமாகத் தூங்கிப்போனான்.

தீபாவளி

அக்டோபர் 20, தீபாவளி. எண்ணெய் தேய்த்துவிடும்போது அம்மாவின் கை லேசாக இருந்தது. வழக்கமாக அந்த இரண்டு ஜோடி வளையலும் தலையில் இடிக்கும். சின்ன வயதிலிருந்து அவனுக்குத் தெரிந்த தீபாவளிச் சத்தம் அது. இன்று இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்.

“வளையல் எங்கம்மா?”

“பெரியம்மா வீட்ல இருக்கு.”

“எதுக்கு?”

அம்மா பதில் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார். அப்பாதான் திண்ணையிலிருந்து பேப்பரை மடக்காமல் சொன்னார்: “ஆரமும் அங்கதான் இருக்கு. தரகர்ட்டயும் தை வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கு.”

எண்ணெய் வழியும் தலையோடு அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். திருமங்கலத்துப் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பலகாரப் பையோடு போகும் அம்மா, இந்தத் தடவை அந்தப் பையின் அடியில் நகையை வைத்துக்கொண்டு போயிருக்கிறார். மகன் எடுத்துவிடக்கூடாது என்று. பெரியம்மாவிடம் என்ன காரணம் சொல்லியிருப்பார் என்று நினைத்தபோதுதான் அவனுக்குக் காது சூடானது.

“என்னப்பா நடக்குது?”

“நீதான் சொல்லணும். நாங்க கேட்டாப் பொய் சொல்லுவேன்னு பயந்துதான் கேக்கல” என்றார் அம்மா. பிறகு அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. “அதத்தான் தடை பண்ணிட்டாங்களே! தடை பண்ணுனதை எப்படிடா ஆடுற? டாலர்ல வேற ஆடுற!”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது பெரிய தப்பு. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

குளித்துவிட்டு வந்து இரண்டு பேரையும் மாடிக்குக் கூட்டிப்போனான். முதலில் எஸ்.எம்.எஸ். கணக்கு. அப்பா போனையும் தன் போனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மூன்று தொகை போய்த் திரும்பி வந்ததைக் காட்டினான்.

“வந்ததைப் பார்த்தேன்” என்றார் அப்பா. “ஜெயிச்ச காசுன்னு நினைச்சேன். ஜெயிக்கவிட்டுத்தானே இழுப்பாங்க?”

அடுத்து பலாட்ரோ. பணம் கட்டும் இடமே இதில் இல்லை என்று ஒவ்வொரு பட்டனாகத் திறந்து காட்டினான். இந்தக் கேமைச் செய்தவர், சூதாட்டக் கம்பெனி எதற்கும் இதன் உரிமையை விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று தன் உயிலிலேயே எழுதி வைத்திருப்பதாகச் சொன்னவர் என்பதையும் சொன்னான். ‘உயில்’ என்றதும் அப்பா நிமிர்ந்தார்.

“ரெஜிஸ்டர் பண்ணிருக்காரா?”

“தெரியலப்பா.”

அம்மா மட்டும் திரையைப் பார்த்தபடியே இருந்தார். “காசு இல்லைன்னா எதுக்குச் சீட்டு?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஐரோப்பாவில் கேம்களுக்கு வயது வரம்பு நிர்ணயிக்கும் பெகி அமைப்பே, போக்கர் ஆட்டத்தின் முறைகளைச் சொல்லித்தருகிறது என்று இதற்கு ‘18 வயதுக்கு மேல்’ என்று முத்திரை குத்தியது. பிறகு மேல்முறையீட்டில், 2025 பிப்ரவரியில்தான் 12 ஆகக் குறைத்தார்கள். விவரம் தெரிந்த நிபுணர்களுக்கே ஒரு வருடம் பிடித்த குழப்பம். அம்மாவுக்கு ஒரு காலையில் தீருமா?

நூற்றைம்பத்திரண்டு

“மொத்தம் எவ்வளவு செலவு பண்ணிருக்க?” என்றார் அப்பா.

ஸ்டீமில் வாங்கியவற்றின் முழுப் பட்டியல் தேதி வாரியாக இருக்கும். அவன் அதை இதுவரை திறந்ததே இல்லை. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற தைரியத்தில் திறந்துவிட்டான். ஒன்பது வருடத்துப் பட்டியல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. அப்பா கீழே போய்க் கண்ணாடியும், பின்பக்கம் வெற்றாக இருக்கும் காலண்டர் தாள்களும், பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தார். கால்குலேட்டர் வேண்டாம் என்றுவிட்டார். பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே மகன் வாசிக்க வாசிக்க, வரிசை எண், தேதி, பெயர், தொகை என்று கோடு போட்டு எழுதினார். அன்றைக்கு முடியவில்லை. மறுநாள் மாலையும் உட்கார்ந்தார்.

152 கேம். 94,300 ரூபாய் சொச்சம். அப்பா ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, ‘அனுபவம்’ என்று தலைப்பு எழுதியிருந்தார். பத்திரப்பதிவு ஆபீஸ் பாஷையில் ‘யார் அனுபவத்தில் இருக்கிறது’ என்பார்களே, அது. விளையாடியதற்கு டிக், விளையாடாததற்குக் கோடு. கோடுகள் 71.

“விளையாடாததுக்கு எதுக்குடா வாங்குன?” என்றார் அம்மா. கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

சூதாடவில்லை என்று நிரூபித்துவிட்டான். இந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. தள்ளுபடியில் கிடைத்தது என்று ஆரம்பித்தான், பாதியில் நிறுத்திக்கொண்டான். பக்கத்து வீட்டு கேசட்டைச் சொல்லலாமா என்று நினைத்தான். அன்றைக்கு வாங்கித்தராதவர்கள் மேல் பழி போடுவது போல ஆகிவிடும் என்று அதையும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு வேறு சந்தேகம். “இதெல்லாம் உன் பேர்லதான இருக்கு?”

“உரிமம்தான்பா. நாம வாங்குறது விளையாடுறதுக்கான லைசென்ஸ்தான்னு இப்ப பில் போடுற பக்கத்துலயே போட்டுர்றாங்க.”

“யாருக்காவது எழுதி வைக்க முடியுமா? உனக்கப்புறம்?”

“அக்கவுன்ட்டை மாத்திக்கொடுக்க முடியாதுப்பா.”

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப இது கிரயம் இல்ல. குத்தகை.” தாளின் தலைப்பில் ‘வாங்கியவை’ என்று இருந்ததை அடித்துவிட்டு அப்படியே எழுதினார்.

தட்டை மாத்தி வை

ஆயுத பூஜைக்கு வாங்கிய ஆறில், திறக்காத ஒன்று ‘வெண்பா’. 2023 ஜூலை 31-ல் வந்த கேம். டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1988-ல் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதியின் கதை. வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. எழுத்து அழிந்து, பக்கம் கிழிந்து கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. சின்ன கேம்; ஒரு படம் பார்க்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். 2024-ல் பாஃப்டாவின் அறிமுக கேமுக்கான விருதும், சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதல் பரிசும் வாங்கியது. தமிழ் வீட்டுச் சமையலறையை வைத்து இப்படி ஒன்று வந்து உலக மேடை ஏறியும், தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது தனிக் கதை.

தீபாவளி முடிந்த சனிக்கிழமை அம்மாவை நாற்காலி போட்டு உட்கார வைத்தான். சீட்டு இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டுதான் உட்கார்ந்தார். முதல் பண்டம், இட்லி. அவன் தட்டுகளை அடுக்கினான். தப்பு என்றது. மறுபடி அடுக்கினான். மறுபடி தப்பு.

“தட்டை ஒண்ணுக்கு மேல ஒண்ணு நேரா வைப்பாங்களாடா? குழிக்கு மேல குழி உக்காந்தா இட்லி நசுங்காது? மாத்தி வை.”

மாத்தி வைத்தான். வந்துவிட்டது. நாற்பத்தியோரு தடவை தோற்று ஒரு பாஸைக் கும்பிட்டுவிட்டு வந்தவன், இட்லிப் பானையிலும் அம்மா தயவில்தான் ஜெயித்தான்.

அதற்குப் பிறகு கண்ட்ரோலர் மட்டும்தான் அவன் கையில். புட்டுக்கு மாவும் தேங்காயும் போடும் வரிசையை அம்மா சொன்னார். பிரியாணிக்கு, “அவ்வளவு தண்ணியா? போச்சு” என்றார். ரேடியோவில் பாட்டு வந்தபோது, “இது ராஜா பாட்டு மாதிரியே இருக்கே, எந்தப் படம்?” என்று கேட்டார். படமெல்லாம் இல்லை, கேமுக்காகப் போட்டது என்றால் நம்பவில்லை. மகன் கவின் வளர வளர வீட்டுச் சாப்பாட்டிலிருந்தும் மொழியிலிருந்தும் விலகிப்போகிறான். வெண்பா விதவிதமாகச் சமைத்து வைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருக்கும் இடத்தில் அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார், கையில் ஈரமில்லை.

முடிந்ததும் கேட்டார்: “இதுக்கு எவ்வளவு ஆச்சு?”

தள்ளுபடி விலையைச் சொன்னான்.

“பரவால்ல” என்றார். எழுந்து போனவர் வாசலில் நின்று, “இந்தப் புள்ள ரசம் வைக்கட்டும், புட்டு அவிக்கட்டும். அந்தச் சீட்டு மட்டும் வேண்டாம்ப்பா” என்றார்.

‘அனுபவம்’ கட்டத்தில் ஒரு கோட்டை அடித்து டிக் போடச் சொன்னான். அப்பா போட்டார். 70. அந்த வாரமே ‘ஸ்டார்டியூ வேலி’யையும் திறந்தான். இறந்துபோன தாத்தா எழுதி வைத்துவிட்டுப் போன நிலத்தில் போய் விவசாயம் பார்க்கும் கேம், எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நாலு வருடத்துக்கும் மேல் தனியாளாக உட்கார்ந்து செய்தது. அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு, “வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் எதுவுமே இல்லாம நேரா களை வெட்டப் போறான்” என்றார். ஆனால், மழை பெய்கிற நாளில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்று கேமே கணக்கு வைத்திருந்தது அவருக்குப் பிடித்துப்போயிற்று. இப்போது தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் வந்து உட்கார்கிறார். மீன் பிடிக்கும் பகுதி மட்டும் அவருக்கு அலுப்பு. அவனுக்கும்தான். அந்த மீன்பிடிப்பு பற்றி ரசிகர்கள் என்ன சொன்னாலும் சரி, அது ஒரு தண்டனை.

பலாட்ரோவை அவன் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டான். போனில் இருக்கிறது. சென்னை ஆபீசுக்கு மாதம் ஒரு தடவை போகும் ராத்திரி பஸ்ஸில், போர்வைக்குள் ஆடுகிறான். திருட்டுத் தம் அடிப்பது மாதிரி இருக்கிறது என்று அவனுக்கே தெரிகிறது.

எஸ்.எம்.எஸ். இனி தன் நம்பருக்கு மட்டும் வருகிற மாதிரி மாற்றிவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டுப் பார்த்தான். “இருக்கட்டும்” என்றார் அப்பா. “டிசம்பர்லயும் தள்ளுபடி வரும்னு சொன்னியே?”

டிசம்பர் 3, கார்த்திகை தீபம். அம்மா திருமங்கலம் போய்விட்டு மதிய பஸ்ஸில் திரும்பியிருந்தார். மாலை வாசலில் குனிந்து அகல் ஏற்றும்போது கண்ணாடி வளையலோடு தங்க வளையலும் சேர்ந்து இடித்தது. ஒரு ஜோடிதான். இன்னொரு ஜோடியும் ஆரமும் பெரியம்மா வீட்டு பீரோவில்தான் இருக்கின்றன.